திருப்பேக்க மட்டும் உறுமின படகு: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கோ

செவேர்ன்_கரை (ஒன்ராறியோ)

படகை வித்து ரெண்டு வருசமாச்சு. எழுதாமல் மனம் ஆறேல்லை.

18 அடி பௌரைடர் (முன்னுக்கும் சீற் இருக்கிற சின்ன மோட்டார்ப் படகு), 4.3 லிட்டர் வி6 எஞ்சின், ஆல்ஃபா ஒன் டிரைவ் (எஞ்சின் படகுக்குள்ள, டிரைவ் பின்சுவருக்கு வெளியில). போர்ட் செவேர்னில கட்டியிருந்தனான். ஜோர்ஜியன் பேயில ஓடின ஆக்களுக்குத் தெரியும், எந்த வரைபடம் கையில இருந்தாலும் அந்தக் கல்லுகளுக்கு மேலால போகேக்க நெஞ்சு இடிக்கும். ஜூலையில புரொப் (படகைத் தள்ளுற விசிறி) ஒரு கல்லில உரசிச்சுது. அதுக்குப் பிறகு 3000 ஆர்.பி.எம். தாண்டினா ஸ்டியரிங் கையில நடுங்கும். புரொப்பைத் திருத்தக் குடுத்தன், தட்டி நிமிர்த்தி பாலன்ஸ் பார்த்துத் தந்தவை. நடுக்கம் பாதி போச்சு. மிச்சப் பாதிக்காகப் புது புரொப்பே வாங்கிப் போட்டன். அந்தப் பாதி அப்பிடியே நிண்டுது.

என்னை இண்டைக்கும் தின்னுறது அந்தக் காசில்லை. இடப்பக்கம் முழுசாத் திருப்பேக்க பின்னால ஒரு உறுமல் வரும், ஆட்டுக்கல்லில தண்ணி விடாமல் உழுந்து அரைக்கிற மாதிரி. நேராக்கினா நிண்டிடும். அந்தக் கோடை அம்மா ஊரில இருந்து வந்து நிண்டவ. பின் சீற்றில இருந்துகொண்டு, “தம்பி, உதுக்குள்ள என்னவோ அரைபடுது” எண்டவ. “பழைய எஞ்சின் அம்மா, உப்பிடித்தான்” எண்டு சொல்லிப்போட்டன். அதே மாதம் பக்கத்துப் படகுக்காரர் சொன்னவர், இரவில என்ட பில்ஜ் பம்ப் (படகின்ர அடியில தேங்கிற தண்ணியை இறைக்கிறது) அடிக்கடி ஓடுதெண்டு. மழைத்தண்ணி எண்டு நினைச்சன்.

செப்டம்பரில படகை ஏத்தி, டிரைவைப் பிடிச்சிருக்கிற ஆறு நட்டையும் கழட்டி, மெக்கானிக்கும் நானுமாப் பின்னுக்கு இழுத்தம். பெல்லோசுக்குள்ள (டிரைவுக்குப் போற ஷாஃப்டை மூடுற ரப்பர் மடிப்புக்குழாய்) தேங்கிக் கிடந்த துருத்தண்ணி என்ட ரெண்டு கையிலயும் ஊத்திச்சுது. ரப்பர் மடிப்பொண்டில விரல் நீளத்துக்கு வெடிப்பு. அந்த ஷாஃப்டைத் தாங்கிற ஜிம்பல் பெயரிங்கை விரல் விட்டுச் சுத்தினா மணல் மாதிரிக் கரகரக்குது. வெடிப்பால வந்த தண்ணி பெயரிங்கைத் திண்டு, அதைத் தாண்டி பில்ஜுக்குள்ள போயிருக்கு. பம்பின்ர பற்றரி ஒருநாள் இறங்கியிருந்தா, கட்டின இடத்திலயே படகு தண்ணிக்குள்ள தாண்டு போயிருக்கும். அம்மா இருந்த சீற்றுக்கு எட்டின தூரத்தில அந்த ஓட்டை.

உறுமல் ஒரு அடையாளம், பம்ப் ஒரு அடையாளம். ரெண்டையும் நான் சேர்த்துப் பார்க்கேல்லை.

முத்துநகர்_மெக்கானிக் (துபாய்)

அண்ணாச்சி, அம்மா சொன்னது மெக்கானிக் காது. ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. புது புரொப் வாங்குறதுக்கு முன்னாடி நியூட்ரல்ல வச்சு மெதுவா ஏத்திப் பாத்திருக்கணும். நியூட்ரல்லயே நடுங்குனா எஞ்சின் பக்கம், கப்ளர் (எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கிறது) பக்கம். கியர் போட்டு லோடு ஏறுனாதான் நடுங்குதுன்னா புரொப், ஷாஃப்ட், டிரைவ். பைசா செலவில்லாத சோதனை.

எனக்கு உறுத்துறது வேற. பின்னாடி வெளிய தொங்குற ரெட்டை அவுட்போர்டு எஞ்சின் மாட்டுன படகு, வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கிளம்புற ஆள். வலது எஞ்சின்ல ஆர்.பி.எம். ஏறுது, படகு ஏறல, கூடவே ஒரு உதறல். நான் கியர்பாக்ஸ்னு அடிச்சுச் சொல்லி மூணு நாள் பிரிச்சுப் போட்டேன். உள்ள பல் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அப்புறம் வயசான மேஸ்திரி ஒருத்தர் வந்தார். ஒண்ணும் பேசல. புரொப் நடு ஹப்புலருந்து வெளிக்கூடு வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல ஒரே கோடு இழுத்தார். “ஓட்டிட்டு வா”ன்னார். திரும்பி வந்து பாக்கேன், கோடு ரெண்டா வெட்டுப்பட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு நகந்து நிக்குது. உள்ள இருக்குற ரப்பர் வழுக்குது, அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தோட வெள்ளிக்கிழமைய நான் தின்னுட்டேன். அந்தக் கோடு இப்பவும் கண்ணுல நிக்குது.

காலாங்_கரையோரம் (சிங்கப்பூர்)

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஆறு வாரம் படகை எடுக்கவே இல்லை. எடுத்த அன்று ஜொகூர் நீரிணையில் வேகம் ஏறவில்லை, தரையெல்லாம் அதிர்ந்தது, மகனுக்குப் பல் கிட்டித்தது. எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் குனிந்து பிளேடைத் தடவினேன். கை கிழிந்துவிட்டது. மூன்று பிளேடிலும் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் சிறு ஓட்டுயிர்), ஒன்றில் மட்டும் கொத்தாக. நம் கடலின் சூட்டில் ஆறு வாரம் அதற்குத் தாராளம். மரச்சுரண்டியால் அரைமணி நேரம் சுரண்டினேன். திரும்பி வரும்போது படகு பழையபடி வழுக்கிக்கொண்டு போனது. கையில் தழும்பு இருக்கிறது.

ஸ்காபரோ_சாமன்காரன் (ஒன்ராறியோ)

துபாய்த் தம்பி சொல்லுற கோடு நல்லது, ஆனா அது செவேர்ன் அண்ணையின்ர வருத்தத்துக்கு மருந்தில்லை. திருப்பேக்க மாத்திரம் சத்தம் எண்டா ஜிம்பல் பெயரிங் அல்லது யூ-ஜாயிண்ட் (ஷாஃப்ட் மடங்கிச் சுத்திற மூட்டு). உறுமினா பெயரிங், டிக் டிக் எண்டா ஜாயிண்ட். அங்க இருந்துதான் தொடங்கவேணும்.

என்ட கதை ரெண்டு வரி. ஒன்ராறியோ ஏரியில சாமன் மீன் பிடிக்கேக்க பின்னல் நூல் புரொப்புக்குப் பின்னால சுத்தி, தண்ணி போகாமல் தடுக்கிற சீல் வளையத்தை அறுத்திருக்கு. நான் பார்க்கேல்லை. டிரைவ் எண்ணெய்க்குள்ள தண்ணி போய், ஜனவரிக் குளிரில உறைஞ்சு, அலுமினியக் கூட்டைப் பிளந்துபோட்டுது. ஏப்ரலில தார்ப்பாயைத் தூக்க, கீழ பால் தேத்தண்ணி நிறத்தில ஒரு குளம்.

ஆனபடியால் எல்லாரும் கேளுங்கோ. எண்ணெயை ஒக்ரோபரிலயே மாத்துங்கோ, வசந்தம் வரட்டும் எண்டு இருக்காதையுங்கோ. கீழ் ஸ்குரூவைக் கழட்டிப்போட்டு மேல் ஸ்குரூவைக் கழட்டினா இறங்கும். முதல் வாற துளியைக் கையில பிடிச்சுப் பாருங்கோ. பால் மாதிரி வந்தா சீல் போச்சு, பிரஷர் ரெஸ்ட் (காத்தடிச்சுக் கசிவு பார்க்கிறது) செய்யாமல் புது எண்ணெய் ஊத்துறதில பிரயோசனம் இல்லை. நிரப்புறது கீழ்த் துளையில பம்பைப் பூட்டித்தான், மேல் துளையால காத்துக்குமிழி இல்லாமல் வரும்வரைக்கும். பிறகு மேல் ஸ்குரூவை முதல் பூட்டவேணும், அப்பதான் கீழ பம்பைக் கழட்டேக்க எண்ணெய் ஓடாது. ரெண்டுக்கும் வாசர் புதுசு. சீசனுக்குள்ள நாலஞ்சு தரமாவது புரொப்பைக் கழட்டி நூல் இருக்கோ எண்டு பாருங்கோ, ஷாஃப்டுக்குக் கிரீஸ் பூசித் திரும்பப் போடுங்கோ. நன்னீரில ஓடுற ஆக்கள் மக்னீசியம் அனோட் (டிரைவுக்குப் பதிலா அரிபடுற உலோகக்கட்டி) போடுங்கோ, உப்புத்தண்ணிக்கான துத்தநாக அனோட்டை இங்க போட்டா அது வேலை செய்யாமல் சும்மா கிடக்கும். குளிருக்கு டிரைவைக் கீழ இறக்கி விடுங்கோ. தூக்கி வச்சா பெல்லோஸ் மடிஞ்ச இடத்திலயே மாதக்கணக்கா நிண்டு வெடிக்கும். டிரைவைக் கழட்டின கையோட அலைன்மென்ட் பாரையும் (எஞ்சின் டிரைவோட நேரா நிக்குதோ எண்டு பார்க்கிற கம்பி) விட்டுப் பாருங்கோ, 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அல்லது வருசத்துக்கு ஒருக்கா. படகு ட்ரெய்லரில நிக்கேக்கயே செய்யலாம்.

பிட்வாட்டர்_நிலவன் (சிட்னி)

படகு தரையில் நிற்கும்போது அலைன்மென்ட் பார்க்கலாம் என்று எழுதியிருப்பதை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. அந்த நம்பிக்கையால்தான் நான் ஒரு சீசனை இழந்தேன்.

என்னுடையது நேர் ஷாஃப்ட் வைத்த இன்போர்டு (எஞ்சின் உள்ளே, ஷாஃப்ட் அடிப்பாகத்தின் வழியாக வெளியே). யார்டில் மேலே ஏற்றியிருக்கும்போதே எஞ்சினை ஷாஃப்டோடு நேராக்கினார்கள். இறக்கிய அன்று 1800 ஆர்.பி.எம்.மில் மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. மனைவி கையை நீட்டிப் பிடித்தாள், பேசவில்லை, என்னைப் பார்த்தாள். மறுநாள் காலை படகு மிதக்கும் நிலையிலேயே கப்ளிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டேன். அடியில் 3 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தகடே போகவில்லை. மேலே 12 தௌ சுளுவாகப் போனது. சுற்றிலும் 3 தௌவுக்குள் இருக்க வேண்டிய இடைவெளி அது. ஸ்டாண்டில் தாங்கி நிற்கும் அடிப்பாகமும் தண்ணீரில் மிதக்கும் அடிப்பாகமும் ஒரே வடிவத்தில் இருக்காது. அதற்குள் ஷாஃப்டைத் தாங்கும் கட்லஸ் பெயரிங்கின் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டிருந்தது. ஷாஃப்டைக் கையால் தூக்கினால் டக் டக் என்று ஆடியது.

முத்துநகர்_மெக்கானிக் (துபாய்)

சார், உங்க படகுக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஷாஃப்ட் படகை மிதக்க விட்டு ஒரு நாளாவது கழிச்சுதான் பாக்கணும். ஆனா ஸ்காபரோ அண்ணன் சொல்றது செவேர்ன் அண்ணாச்சி படகு மாதிரி ஸ்டெர்ன் டிரைவ். அதுல டிரைவும் சரி, எஞ்சினோட பின்பக்கமும் சரி, ஒரே டிரான்சம்லதான் (படகோட பின்சுவர்) உக்காந்திருக்கு. முன் மவுண்ட்ட மட்டும் ஏத்தி இறக்குனா போதும், ட்ரெய்லர்லயே செய்யலாம். ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

அண்ணாச்சி, பெயரிங் மாத்துனப்ப பார் விட்டுப் பாத்தாங்களா? அத எழுதவே இல்லையே. பெயரிங் போன படகுல அதப் பாக்காம டிரைவ மாட்டுனா கப்ளர் பல்லு தேஞ்சிரும்.

செவேர்ன்_கரை (ஒன்ராறியோ)

பார்த்தவை தம்பி. பாரின்ர நுனியில கிரீஸ் பூசி விட்டவர், பாதியில இறுகி நிண்டுது. இழுத்துப் பார்த்தா கிரீஸ் ஒரு பக்கம் மட்டும் வழிச்சுக் கிடந்தது. முன் மவுண்டை இறக்கி இறக்கி, ஏழாம் தரமோ எட்டாம் தரமோ, “இப்ப நீங்க விடுங்கோ” எண்டு என்னட்டத் தந்தவர். ரெண்டு விரலால தள்ளினன், வெண்ணெய்க்குள்ள போற மாதிரிப் போச்சுது. அந்த மிச்சப் பாதி நடுக்கம் அண்டையோட இல்லை. கல்லில அடிபடாட்டியும் அது வந்திருக்கும், புரொப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த கோடைக்கு அம்மா வரேல்லை, விசா கிடைக்கேல்லை. வாங்கின பெடியனிட்ட பெல்லோஸ் மாத்தின திகதியைத் தாளில எழுதி, பில்ஜ் பம்ப் சுவிச்சுக்குப் பக்கத்தில ஒட்டிக் குடுத்தனான். இடப்பக்கம் முழுசாத் திருப்பி ஓடிக் காட்டினனான். பெடியன் என்னத்துக்கு உப்பிடி வட்டமடிக்கிறீங்கள் எண்டு கேட்டவன். பின் சீற்றில போய் இருந்து கேள் எண்டன்.