கைத்தறிக் கொத்தணிக்கு மாகாணக் கொள்கை: மற்ற இடங்களிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது?

வாவிக்கரை எழுதியது:

இலங்கையின் கிழக்கு மாகாணத்துக்கான தொழில் கொத்தணிக் கொள்கை வரைவு பற்றிக் கேட்கிறேன். கொத்தணி என்றால் ஒரே தொழிலைச் செய்வோரும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளோரும் ஓரிடத்தில் கூடியிருப்பது. முதலில் மருதமுனைக் கைத்தறி, அதோடு காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து நெசவு. பிறகு சம்மாந்துறை, அக்கரைப்பற்று அரிசி ஆலைகள் என்பது யோசனை. கையில் உள்ள முன்மாதிரிகள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவை. எதைத் திறந்தாலும் பங்காளர்களை ஒன்றிணைத்தல், திறன் விருத்தி, பொது வசதி நிலையம் (பலரும் சேர்ந்து பயன்படுத்தும் இயந்திரக் கூடம்) என்று அதே மூன்று தலைப்பு. கட்டடம் எழும்பி, இயந்திரம் இறங்கி, ரிப்பன் வெட்டி, கொஞ்சக் காலத்தில் பூட்டுத் தொங்கும் நிலையங்களை இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று வேண்டாம்.

கொத்தணி உண்மையிலேயே இருக்கிறது என்று எந்தக் கணக்கால் காட்டுவது? மாகாண மட்டத்தில் எதற்குக் காசு போட முடியும்? மற்றப் பிராந்தியங்கள் தங்கள் கொள்கையைத் திருத்தக் கற்றது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

தறிக்குழி பதில்:

முதல் கேள்விக்கு என்னுடைய பதில்.

எல்லோரும் போடும் கணக்கு செறிவு விகிதம். ஒரு பிரதேசத்தின் மொத்த வேலையாட்களில் நெசவில் இருப்போர் எத்தனை வீதம், மாகாணம் முழுவதிலும் அது எத்தனை வீதம், முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். சும்மா ஓர் உதாரணம்: பிரதேசத்தில் 20,000 வேலையாட்களில் 600 பேர் நெசவு, அதாவது 3 வீதம். மாகாணத்தில் அது 1 வீதம். விகிதம் 3. வழக்கமாக 1.25ஐத் தாண்டினால் ‘செறிவு உண்டு’ என்று எழுதிவிடுவார்கள்.

இதில் மூன்று பள்ளம் உண்டு. சின்னப் பிரதேசத்தில் 30 பேர் இருந்தாலே விகிதம் 4, 5 என்று ஏறிவிடும். ஆகவே விகிதத்தோடு ஆள் தொகையையும் போடுங்கள். இரண்டாவது, வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் பெண்களும் நூல் சுற்றிக் கொடுக்கும் முதியவர்களும் பெரும்பாலும் எந்தப் பதிவிலும் வேலையாள் என்று வருவதில்லை. 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பை அடிப்படையாக எடுத்தால் அது 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது என்பதும் நினைவில் இருக்கட்டும். மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: ஓரிடத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் விகிதம் சொல்லும். அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று சொல்லாது.

அதற்கு நூலைப் பின்தொடருங்கள். நூல் கடைகளில் மாதம் எத்தனை கிலோ போகிறது என்று கேளுங்கள். ஒரு சாரத்துக்கு (லுங்கிக்கு) எத்தனை கிராம் நூல் என்று நீங்களே தராசில் வைத்துப் பாருங்கள். வகுத்தால் மாதத்துக்கு எத்தனை சாரம் என்று வரும். அது கிராம சேவகர் பட்டியலில் உள்ள தறிகளால் நெய்ய முடிந்ததைவிட மிக அதிகமாக இருந்தால் பட்டியலுக்கு வெளியே தறிகள் ஓடுகின்றன. மிகக் குறைவாக இருந்தால், மானியத்துக்காகப் பெயர் கொடுத்த ஓடாத தறிகள் பட்டியலில் இருக்கின்றன, அல்லது நூல் வேறு வழியாக வருகிறது.

அடுத்தது நேர்காணல். தறி உள்ளவர் 25, 30 பேர், நூல் வியாபாரிகள், சாயம் போடுபவர்கள், கொழும்பு, கண்டிக் கொள்வனவாளர்கள் சிலர். ‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்காதீர்கள்; எல்லோரும் ‘கடன் வேண்டும், சந்தை இல்லை’ என்பார்கள். ‘கடைசியாகத் திருப்பிவிட்ட ஓடர் எது, ஏன்?’ என்று கேளுங்கள். பதில் தனித்தனியாக விழும்: நூல் நேரத்துக்கு வரவில்லை, 300 துண்டு ஒரே நிறத்தில் முடியாது, பில் போடப் பதிவு இல்லை.

நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் கொஞ்சங்கொஞ்சமாக, கண்ணளவில் சாயம் போடும்போது இரண்டாம் தொட்டி முதலாவதோடு ஒத்துவராது. உடனே ‘சாய இயந்திரம் வேண்டும்’ என்று அறிக்கை எழுதுவார்கள். முதலில் வேண்டியது கிராம் காட்டும் தராசு, வெப்பமானி, எழுதிவைத்த செய்முறைச் சீட்டு. நூலைக் காய்ந்த நிலையில் நிறுத்து, அந்த நிறைக்கு இத்தனை வீதம் சாயம், இத்தனை மடங்கு தண்ணீர், உப்பும் சோடாவும் எப்போது, 60 பாகை என்று குறித்த சாயத்தை அந்தச் சூட்டிலேயே எத்தனை நிமிடம் என்று சீட்டில் இருக்க வேண்டும். ஒரு ஓடருக்கு ஒரே தொகுதிச் சாயம். இவ்வளவும் ஒரு கொட்டிலுக்குள் செய்யலாம். இதைச் செய்தும் போதவில்லை என்றால் பிறகு இயந்திரம்.

கச்சேரிக் கணக்கு பதில்:

தறிக்குழி சொன்ன தராசும் வெப்பமானியும் ஏன் எந்தத் திட்டத்திலும் வருவதில்லை என்றால் அது காசின் தன்மை. மாகாணத்துக்கு வரும் அபிவிருத்தி நன்கொடை மூலதனச் செலவு. கட்டடம், இயந்திரம் அதில் லேசாகப் போகும். ஒருங்கிணைப்பாளர் சம்பளம், சோதனைக் கட்டணம், கொள்வனவாளரை அழைத்து வரும் செலவு எல்லாம் மீண்டெழும் செலவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் நடப்புச் செலவு; அதற்குத் தலைப்பே கிடைக்காது. மேலே, நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு கைக்கு வரப் பிந்தும், விலைமனு கோரப் பிந்தும், கடைசிக் காலாண்டில் எது சீக்கிரம் வாங்கலாமோ அது வாங்கப்படும். பூட்டிய நிலையங்களில் பாதிக்குக் காரணம் இந்த நாட்காட்டி. உத்தியோகத்தர்களைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே வரைவில் முதலில் எழுத வேண்டியது ஆண்டு ஒழுங்கு. இந்த ஆண்டு ஆய்வும், கட்டடமோ இயந்திரமோ தேவைப்படாத மென்வேலையும் மட்டும். அதன் முடிவு ஆகஸ்ட்டுக்குள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக் கோரிக்கைக்குள் அது போய்ச் சேர வேண்டும். ஆய்வு அறிக்கை இல்லாத கொத்தணிக்கு மூலதனம் இல்லை என்று ஒரு வரி இருக்கட்டும்.

ஒருங்கிணைப்பாளரைத் திணைக்கள ஆளாக வைக்காதீர்கள், இடமாற்றம் வந்தால் போய்விடுவார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி (பங்கு இல்லாமல், அங்கத்தவர் உறுதியளித்த தொகைக்கு மட்டும் பொறுப்பாகும் கம்பனி) ஒன்றை உற்பத்தியாளர்களே பதியலாம். மாகாணம் அதோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்து, முதலாண்டுச் செலவில் 80 வீதம், பிறகு 60, பிறகு 40 என்று இறக்கலாம். வீதம் என் யோசனைதான். இறங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அங்கத்தவர் காசு ஒரு சதமும் இல்லாத இடத்தில் கூட்டத்துக்கு வருவார்கள், சாப்பாட்டோடு போய்விடுவார்கள்.

இந்தியாவின் சிறு தொழில் கொத்தணித் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: பொது வசதி நிலையத்தை நடத்தும் அமைப்பில் குறைந்தது 20 தொழிலகம், எவருக்கும் 10 வீதத்துக்கு மேல் பங்கு இல்லை. ஒரு முதலாளியின் கைக்கு நிலையம் போகாமல் இருக்கத்தான் அது. இங்கே எடுத்தால் இன்னொன்றும் சேருங்கள்: நூல் வியாபாரிக்கும் கூலிக்கு நெய்பவருக்கும் தனித்தனி இருக்கை. இல்லையேல் நூலைக் கடனுக்குக் கொடுப்பவர் சொல்வதற்கு மற்றவர்கள் கைதூக்குவார்கள்.

இயந்திரம் யாருடைய சொத்து, பழுதுக்கு யார் பொறுப்பு, கணக்காய்வுக்கு யார் பதில் சொல்வது என்பதெல்லாம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வேண்டும்.

மணற்கேணி பதில்:

சாயத்தைப் பற்றிப் பேசிவிட்டு தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நம்முடைய கரையோரம் மணல். நிலத்தடி நீர் ஆழமில்லை. குடிக்கும் கிணறும் அதே மணலுக்குள்தான். வீட்டுக்கு வீடு போட்டபோது பரவிப்போன கழிவு நீர், பொதுச் சாய நிலையம் வந்தால் ஒரே குழியில் விழும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்காமல் திறக்க முடியாது, எடுத்தாலும் சுத்திகரிப்பு நடத்தும் செலவு மாதா மாதம் வரும்.

திருப்பூரைப் பாருங்கள். பின்னலாடைக் கொத்தணி என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டு, கீழே ஒரத்துப்பாளையம் அணை நீர் விவசாயத்துக்கு உதவாமல் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கே இல்லாமல் இல்லை. கழிவு வெளியேறாத அளவுக்கு அவை ஓடவில்லை. அவ்வளவு ஏற்றுமதி உள்ள ஊருக்கே அந்த நிலை.

பொதுச் சாய நிலையத்துக்கு எளிய கணக்கு ஒன்று, இலக்கங்கள் உதாரணத்துக்கு. இயக்குநர் சம்பளம், கொதிகலன் பராமரிப்பு, சுத்திகரிப்பு என்று மாதம் நிலையான செலவு 240,000 ரூபா. சாயம், விறகு போக ஒரு கிலோ நூலில் மிஞ்சுவது 120 ரூபா. 240,000ஐ 120ஆல் வகுத்தால் 2,000 கிலோ. உண்மையில் ஓடும் தறி 150, ஒவ்வொன்றுக்கும் மாதம் 8 கிலோ என்றால் 1,200 கிலோதான் வரும், அதுவும் எல்லோரும் இங்கேயே கொண்டு வந்தால். மாதம் 96,000 ரூபா நட்டம். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய மாதங்களில் நிரம்பும், மற்ற மாதங்களில் காலி. ஆகவே முன்கூட்டியே எழுத்தில் கிலோக் கணக்கு உறுதி வாங்காமல் அத்திவாரம் வெட்டக் கூடாது.

வாவிக்கரை எழுதியது:

கச்சேரிக் கணக்கு அண்ணன், மணற்கேணி நானா, இரண்டு பேருக்கும் நன்றி. நாட்காட்டி விஷயம் வரைவில் இல்லவே இல்லை, சேர்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கும் யாராவது எழுதுங்கள். ‘வெளிநாட்டுக் கற்றல் பயணம்’ என்று ஒரு தொகை ஏற்கெனவே போட்டிருக்கிறது. அதை வைத்திருப்பதா, வெட்டுவதா?

எட்டப்பார்வை பதில்:

வெட்டத் தேவையில்லை, தலைகீழாக மாற்றுங்கள். நீங்கள் போய்ப் பார்ப்பதைவிட அவர்களை இங்கே கூப்பிடுவது மேல். பயணம் போனால் நன்றாக ஓடுவதைத்தான் காட்டுவார்கள். ஐரோப்பியப் பிராந்தியங்களுக்குள் சக மதிப்பாய்வு என்று ஒரு முறை உண்டு: தங்கள் கொள்கையில் சிக்கல் உள்ள பிராந்தியம் தன் கேள்வியைக் குறுகலாக எழுதி, அதே வேலையை வேறிடத்தில் செய்த சில அதிகாரிகளை அழைக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து பேசுவார்கள், கடைசியில் பரிந்துரை கொடுப்பார்கள். மதிப்பாய்வு செய்பவர் ஆலோசகர் அல்ல, தானும் ஒதுக்கீட்டோடு மல்லுக்கட்டுபவர். உங்களுக்கு அது வட மாகாணக் கைத்தொழில் அலுவலராகவோ தமிழ்நாட்டுக் கைத்தறிக் கூட்டுறவை நடத்தியவராகவோ இருக்கலாம். கேள்வியும் ‘கொத்தணியை எப்படி வளர்ப்பது’ என்று இருக்கக் கூடாது. ‘150 தறிக்குப் பொதுச் சாய நிலையமா, தராசும் வெப்பமானியும் உள்ள சாயக் கொட்டிலா’ என்று இருக்க வேண்டும்.

எடுக்கத் தக்கவை சில. ஸ்பெயினின் பாஸ்க் பிராந்தியம் 1990களின் தொடக்கத்தில் கொத்தணிக் கருத்தைப் பரப்பிய ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டரின் ஆய்வை வைத்துத் தொடங்கியது. நிலைத்தது ஆய்வு அறிக்கை அல்ல. தொழில்வாரியாக, அங்கத்தவர் பணம் கட்டும் சங்கங்களும் அவற்றோடு அரசு ஆண்டுதோறும் உட்கார்ந்த பழக்கமும்தான். சுவீடனின் வின்வெக்ஸ்ட் திட்டம் போட்டி வைத்துக் கொத்தணிகளைத் தெரிவு செய்து, 10 ஆண்டு வரை பணம் கொடுத்தது. ஆனால் பிராந்தியமும் சமபங்கு போட வேண்டும், இடையிடையே மதிப்பீடு உண்டு. இங்கே 10 ஆண்டு கனவுதான், இடைமதிப்பீட்டை எடுக்கலாம்.

பிரான்ஸ் கதை உங்களுக்கு இன்னும் பயன்படும். 1990களின் கடைசியில் ‘உள்ளூர் உற்பத்தி முறைமைகள்’ என்ற பெயரில் கொத்தணிகளுக்கு ஆதரவு தொடங்கினார்கள். பிறகு நிறுவனம் நிறுவனமாகத் தரவு எடுத்துப் பார்த்தபோது, ஆதரவு போனது பெரும்பாலும் ஏற்கெனவே பின்தங்கிக்கொண்டிருந்த தொழில்களுக்கும் பிரதேசங்களுக்கும் என்று தெரிந்தது. உற்பத்தித் திறனில் உறுதியான முன்னேற்றம் காணப்படவில்லை. போட்டித்திறன் கொள்கை என்ற பெயரில் நிவாரணம் கொடுத்தாகிவிட்டது. நிவாரணம் தவறில்லை, ஆனால் அதை நிவாரணமாகவே எழுதி, நிவாரணமாகவே அளக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாக இருந்த யூஎஸ்எயிட் ஆதரவில் றப்பர், தேயிலை, தும்பு, ஆபரணம், மட்பாண்டம், கறுவா, மிளகு போன்ற வாசனைத் திரவியம் என்று தேசிய மட்டக் கொத்தணிகள் ஓடின. ஐரோப்பாவுக்கு முன் அந்தக் கோப்புகளையும் அதில் வேலை செய்தவர்களையும் தேடுங்கள்.

உங்கள் கொள்கையை நீங்களே சோதிக்க ஒரு வழி: விண்ணப்பித்த தறிக்காரர்களில் பாதியை முதலாண்டில் எடுங்கள், மீதியை இரண்டாமாண்டில், சீட்டுக் குலுக்கி. முதல் 12 மாதம் இரண்டு பாதிக்கும் ஒரே அளவு எடுங்கள்: திருப்பிவிட்ட ஓடர், ஒரு துண்டுக்குக் கைக்கு வந்த கூலி, நூல் கொடுப்பவர் எத்தனை பேர். பயிற்சிக்கு வந்தோர் தொகையை எண்ணாதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

தறிக்குழி பதில்:

சீட்டுக் குலுக்கலில் ஒரு சிக்கல். ஒரே நூல் முதலாளியிடம் வேலை செய்யும் பத்து வீட்டில் ஐந்தை எடுத்தால், கற்ற செய்முறை அடுத்த நாளே மற்ற ஐந்துக்கும் போய்விடும். அது ஊருக்கு நல்லது, உங்கள் ஒப்பீட்டுக்குக் கூடாது. வீடு வீடாகக் குலுக்காமல் நூல் கொடுப்பவர் வாரியாகக் குலுக்குங்கள். அதற்கும் முதலில் யார் யாரிடம் நூல் எடுக்கிறார் என்ற வரைபடம் வேண்டும்.

கச்சேரிக் கணக்கு பதில்:

ஒன்று விட்டுப்போனது, அரிசி ஆலைகள். பெரும்போக அறுவடையில் நெல் வந்து குவியும்போது சம்மாந்துறைச் சின்ன ஆலைக்காரர் கையில் காசு இல்லை, பொலன்னறுவைப் பெரிய ஆலைகளின் லொறி வயலடிக்கே வந்துவிடும். அது நடைமுறை மூலதனப் பிரச்சினை. ஆலைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்துத் தீராது. களஞ்சியப் பற்றுச்சீட்டை, அதாவது நெல்லைக் களஞ்சியத்தில் வைத்ததற்கான சீட்டை, ஈடாக வைத்து வங்கி கடன் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக வந்தால் ஓரளவு தீரும். அது மத்திய அரசும் வங்கிகளும் செய்ய வேண்டிய வேலை. மாகாணக் கொத்தணி வரைவிலிருந்து அரிசியை எடுத்துவிடுங்கள் தம்பி. 2017க்குப் பிறகு தெரிவான மாகாண சபை இல்லாமல் ஆளுநரும் செயலாளர்களும் மாறி மாறி வரும் மாகாணத்தில், ஒரே நேரத்தில் நான்கு கொத்தணி என்றால் நான்கு பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

வாவிக்கரை எழுதியது:

சரி, அரிசியை எடுக்கிறேன். நூல் கொடுப்பவர் வரைபடத்துக்குக் கேள்விக்கொத்து ஒன்று தயாரித்து இங்கேயே போடுகிறேன். தறிக்குழி நானா, சாயச் சீட்டின் மாதிரி ஒன்று இருந்தால் தாருங்கள்.