சவர் கேஸ் பாகுநிலை: லீ சூத்திரத்தை நம்பலாமா?

மணற்பாறை: சவர் கேஸ், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு கலந்த இயற்கை வாயு; அதன் பாகுநிலையை (பாய்வதற்கான எதிர்ப்பை) எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுவது? அபுதாபி ஷா வயல் வாயுவை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 23%, கார்பன் டை ஆக்சைடு 10%. மீதி மீத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 5000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), வெப்பம் 250 டிகிரி ஃபாரன்ஹீட். இதற்கு, வாயுவின் அடர்த்தியை வைத்துப் பாகுநிலை தரும் லீ-கொன்சாலஸ்-ஈக்கின் (1966) சூத்திரம் கூடாது என்பது என் கட்சி. அவர்கள் அளந்த வாயுக்களில் கார்பன் டை ஆக்சைடு 3.2 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஹைட்ரஜன் சல்பைடு இல்லவே இல்லை. கார்-கோபயாஷி-பரோஸ் (1954) முறையில் இவற்றுக்கென்றே திருத்தம் இருக்கிறதே?

அழுத்தமானி: கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுவோம் சார். மூலக்கூறு எடை 22.99. நீங்கள் சொன்ன கார் முறையின் வரைபடத்துக்கு ஸ்டாண்டிங் எழுதிய சமன்பாட்டில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பாகுநிலை 0.01267 சென்டிபாய்ஸ், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு இரண்டின் திருத்தமும் சேர்த்தால் 0.01386. லீ சூத்திரத்தில் அடர்த்தியைப் பூஜ்யமாக்கினால் 0.01376. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. லீ விடையின் மேலும் இந்தத் திருத்தத்தை ஏற்றுகிற எக்செல் தாள்கள் உண்டு. அது தேவையில்லாமல் சுமார் 9% கூட்டுவது.

கோளாறு அடர்த்தியில்தான். இந்த இரு வாயுக்களுக்காக மாறுநிலை எண்களைக் குறைக்கும் விச்செர்ட்-அஸீஸ் (1972) திருத்தம் இங்கே 31 டிகிரி ராங்கின் (ஃபாரன்ஹீட் படியில் தனிவெப்ப அலகு). போலி மாறுநிலை (கலவைக்கான சராசரி மாறுநிலை) வெப்பம் 439 ராங்கினிலிருந்து 408, அழுத்தம் 854 பிஎஸ்ஐயிலிருந்து 784. இசட் (இலட்சிய வாயுவிலிருந்து விலகலைக் காட்டும் எண்) 0.889 என்பது 0.945 ஆகிறது, அடர்த்தி 0.272இலிருந்து 0.256 கிராம்/சிசி. பாகுநிலை 0.0323 அல்ல, 0.0301. திருத்தத்தில் ஹைட்ரஜன் சல்பைடைப் பின்னமாக 0.23 என்று போடுங்க. 23 என்று போட்டால் எல்லாம் நாசம்.

மணற்பாறை: இரண்டு சூத்திரத்துக்கும் ஒரே மூலக்கூறு எடைதான் உள்ளே போகிறது. ஒத்துப்போவதால் இரண்டும் சரி என்றாகிவிடாது. தவிர, கிணற்று உற்பத்திக் கணக்கில் வருவது பாகுநிலை பெருக்கல் இசட். உங்கள் எண்களிலேயே 0.0287, 0.0284. திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் ஒன்றுதானே?

அழுத்தமானி: இந்த ஒரு அழுத்தத்தில் இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டன, அவ்வளவுதான். இருப்புக் கணக்கில் (நிலத்தடியில் எவ்வளவு வாயு என்பதில்) இசட் தனியாக வரும். அங்கே திருத்தாவிட்டால் 6% அதிக வாயு காட்டும். குழாய்க்கு ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டுவது) போடும்போது பாகுநிலை தனியாக வரும்.

குழாய்வழி: வயல் சிமுலேட்டரில் லோரன்ஸ்-ப்ரே-கிளார்க் (1964) பாகுநிலைச் சூத்திரம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமா இருக்கணும். அதில் அடர்த்தி நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவையில் நுழைந்து, அந்த மொத்தமும் மறுபடி நான்காம் அடுக்குக்குப் போகிறது. எண்ணெய்க்கு ஹெப்டேன்-பிளஸின் (ஹெப்டேனும் அதைவிடக் கனமான கூறுகளும்) மாறுநிலைக் கனஅளவைத் திருகிச் சரிசெய்வோம். இந்த உலர்ந்த வாயுவில் திருக ஒன்றுமில்லை. முதலில் பெங்-ராபின்சன் நிலைச் சமன்பாடு தரும் அடர்த்தியை ஆய்வகத்தில் அளந்த இசட்டோடு பொருத்துங்க.

மணற்பாறை: இசட் அளந்ததாக இருந்தால் லீயை ஏற்கிறேன். ஆனால் சூத்திரம் அதன் தரவு எல்லைக்கு வெளியே பயன்படுகிறது என்று அறிக்கையில் எழுதியே ஆகணும்.