ரீமிங், போரிங், கவுண்டர்போர்: மூன்றுக்கும் ‘துளை விரித்தல்’ போதாது

வணக்கம்.

பட்டறை வேலைகளுக்கான உங்கள் கலைச்சொல் பட்டியலில் ரீமிங், போரிங், கவுண்டர்போர் மூன்றுக்குமே ‘துளை விரித்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் விட்டம் கூடுகிறது, சரி. ஆனால் அதை வைத்து ஆபரேட்டர் எந்தக் கருவியை எடுப்பார்?

ரீமர் இருக்கிற துளையின் போக்கிலேயே போகும். கோணல் துளையை நிமிர்த்தாது. அளவையும் வழவழப்பையும்தான் தரும். 10 எச்7 துளைக்கு (10 மி.மீ. விட்டம்; எச்7 என்பது அனுமதிக்கும் அளவு வேறுபாட்டின் குறியீடு) 9.8 மி.மீ. டிரில் போட்டு, டிரில் வேகத்தில் பாதி வைத்து, ஊட்டத்தை (ஒரு சுற்றுக்குக் கருவி முன்னேறும் தூரத்தை) இரட்டிப்பாக்கி விடுகிறோம், அளவு 10.000-க்கும் 10.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரீமர் வெட்ட விட்டுவைக்கும் மிச்சம் மிகக் குறைந்தால் ரீமர் வெட்டாமல் தேய்த்து மழுங்கும். கூடினால் வெட்டிய உலோகச் சுருள் அடைத்துச் சுவரில் கீறல் விழும். வெளியே எடுக்கும்போதும் பின்பக்கம் சுழற்றக் கூடாது, சுருள் இடுக்கில் மாட்டி வெட்டுமுனை பெயரும். மெல்லிசாக எடுக்கும் இந்த வேலைக்குத் ‘துளைச்சீவல்’ என்கிறேன்.

போரிங்கில் கருவிக்கு ஒற்றை முனை. பழைய துளை எங்கே இருந்தாலும் அது இயந்திரத்தின் அச்சில்தான் வெட்டும். வார்ப்பில் கோர் (துளை விழுவதற்காக உள்ளே வைக்கும் உருவம்) நகர்ந்து மையம் தவறிய துளையை இதைக்கொண்டுதான் மீட்க முடியும். ‘உட்கடைசல்’ என்றால் கடைசல்காரர் யாருக்கும் புரியும்.

கவுண்டர்போரும் கவுண்டர்சிங்கும் துளையின் வாயை மட்டும் மாற்றுகின்றன: ‘படிக்குடைவு’, ‘கூம்புக்குடைவு’. எம்8 ஆலன் போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை, தலை அமிழ 15 மி.மீ. விட்டப் படி, ஆழம் 8-க்குச் சற்று மேல். கூம்புக்குக் கோணத்தையும் எழுதியே ஆக வேண்டும். மெட்ரிக் ஸ்குரூவுக்கு 90 பாகை, அங்குல ஸ்குரூவுக்கு 82. 90 பாகைத் தலையை 82 பாகைக் குடைவில் இறுக்கினால் வாய் விளிம்பில் மட்டுமே தொடும்.

———

ஐயா, வணக்கம்.

மேலே உள்ள கடிதம் சொல்லும் உட்கடைசலையும் இரண்டு குடைவுகளையும் அப்படியே ஏற்கலாம். ‘சீவல்’ மட்டும் இடிக்கிறது. சீவுவது என்றாலே மேற்பரப்பில் உளி ஓடுவதுதான் தோன்றும். உருவான பரப்பை இழைப்புளி நயமாக்குவது போலத்தான் ரீமரும் செய்கிறது. ‘துளையிழைப்பு’ என்று வைப்போம். கருவி ‘துளையிழைப்பி’.

ஸ்பாட்ஃபேஸ், அதாவது போல்ட் தலை சமமாக உட்காரத் துளையைச் சுற்றி மட்டும் வழிப்பது, விடுபட்டிருக்கிறது. வார்ப்பின் மேல்தோல் மேடுபள்ளமாக இருப்பதால் போல்ட் தலை ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, இறுக்கும்போது போல்ட் வளையும். வாஷர் அகலத்துக்கு வழித்து, முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்த வேண்டியதுதான். பெரும்பாலும் ஆழம் குறிப்பதில்லை. ஆகவே படிக்குடைவின் கீழ் அடக்காமல், ‘இருக்கை வழித்தல்’ என்று தனிப் பதிவாக இடுங்கள்.