தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம்: எந்த ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கிற) வண்டி எடுக்கலாம்?

பட்டர்ஃப்ரூட்_ஏழுஏக்கர்:
வணக்கம். பண்ணைக்காட்டுக்கு மேல ஏழு ஏக்கர் அரபிகா காப்பி, மரத்துல மிளகுக் கொடி, ஓரத்துல கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். தார் ரோட்டுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை, இடையில ஒரு ஓடை, ரெண்டு ஒடுக்கமான வளைவு. வெயில் காலத்துல ஆட்டோவே வந்துடும். ஐப்பசி மழை பிடிச்சா நடந்து போறவனே வழுக்குவான். காப்பிப் பழம் பறிப்பும் அதை ஒட்டித்தான் ஆரம்பிக்குது. ஒரு நடைக்குப் பத்து மூட்டை, கூட நாலு ஆள். பட்ஜெட் எட்டு லட்சம், பழைய வண்டின்னாலும் சரி. வீட்டுல பையன் மஹிந்திரா தார் ஜீப்தான் வேணும்ங்கிறான். என்ன எடுக்கலாம்?

கியர்பாக்ஸ்_கண்ணன்:
மாருதி ஜிம்னி பாருங்க சார். எடை கம்மி, அடிப்பாகம் தரையில இருந்து 210 மி.மீ. உயரம், லோ கியரும் (மெதுவா, அதிக இழுவையோட போறதுக்கான தனி கியர்) இருக்கு. ஆனா பெட்ரோல் மட்டும்தான். பத்து மூட்டைய எங்க வைப்பீங்கன்னு என்னைக் கேக்காதீங்க.

ஏலக்காட்டு_டிரைவர்:
அண்ணே, நான் போடியில இருந்து மேல ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏத்தி ஜீப் ஓட்டுறவன். தார், ஜிம்னி எல்லாம் ஓரமா வைங்க, முதல்ல எடையப் போடுங்க. மூட்டை அம்பது கிலோன்னா பத்துக்கு ஐநூறு. ஆளுங்களோட சேர்த்தா எண்ணூறைத் தொடும். தார் அதுக்குச் செஞ்ச வண்டி இல்ல. பையன் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

உங்களுக்குச் சரியா வர்றது மஹிந்திரா பொலிரோ கேம்பர் பிக்அப், ஃபோர் வீல் மாடல். டிரைவரோட அஞ்சு பேர் உள்ள உக்காரலாம், பின்னாடி தொட்டியில மூட்டை. ஆளுங்கள மூட்டை மேல உக்கார வைக்கிற வேலையே இல்ல. ஆனா விசாரிக்கும்போது கவனம், கேம்பர்ல டூ வீல்தான் நிறைய ஓடுது. ரெண்டுக்கும் பேரும் ஒண்ணுதான், மூஞ்சியும் ஒண்ணுதான். பெரிய கியருக்குப் பக்கத்துல ரெண்டாவது சின்ன லீவர் இருக்கா பாருங்க. அப்புறம் குனிஞ்சு அடியில பாருங்க, முன் சக்கரத்துக்கும் ஷாஃப்ட் போகணும். தார்லயும் இதே கதைதான்: 2023-ல இருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வருது.

எல்லாரும் ஏத்தத்தப் பத்தியே பேசுவாங்க. ஏத்தத்துல வண்டி போகலன்னா நிக்கும், அவ்வளவுதான். ஆபத்து லோடோட இறங்குறப்பதான். ஈரச் செம்மண்ணுல பிரேக்க மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கிக்கிட்டே போகும், ஸ்டியரிங் திருப்பினாலும் கேக்காது. இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே நின்னு, ஃபோர் வீல் லோ போட்டு, முதல் கியர்ல விடுங்க. கிளட்ச்ல இருந்து காலை எடுத்துடணும். இன்ஜினே நாலு சக்கரத்தையும் பிடிச்சு நடை வேகத்துல இறக்கிவிடும். பயத்துல கிளட்ச்ச மிதிச்சீங்கன்னா அந்தப் பிடி போயிடும். லோ கியர் இல்லாத எந்த வண்டியும் வேண்டாம்னு நான் சொல்றது இதுக்குத்தான், ஹார்ஸ்பவர் எவ்வளவு வேணா இருக்கட்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம டூ வீலுக்கு மாத்துங்க. மாத்தாம வளைச்சு ஓட்டினா கிரவுனும் (அச்சுல இருக்கிற பல்சக்கரம்) ஷாஃப்டும் முறுக்கிக்கும்.

கேம்பர்ல ஒரு குறை, வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி) மூணு மீட்டர். ஒடுக்கமான வளைவுல ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பணும். அந்த வளைவை ஆள் விட்டு வெட்டி அகலமாக்குங்க. அனுமதி வாங்காம ஜேசிபி மட்டும் இறக்கிடாதீங்க, மலைப் பகுதியில வம்பு.

சிறுமலை_வாழை:
எங்க ஊர்ல இன்னும் குதிரை மேலதான் வாழைத்தார் இறங்குது. டயரும் வேண்டாம் டீசலும் வேண்டாம், என்ன, அதுக்கு மூடு வரணும் 😄 சீரியஸா ஒரு கேள்வி: கேம்பர் மஞ்சள் போர்டாச்சே, லைசென்ஸ் பிரச்சினை வராதா?

ஏலக்காட்டு_டிரைவர்:
7,500 கிலோவுக்குக் கீழ எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸே போதும் தம்பி. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) செலவுதான் உண்டு: எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருஷா வருஷம்.

பட்டர்ஃப்ரூட்_ஏழுஏக்கர்:
ரொம்ப நன்றிண்ணே. வத்தலக்குண்டுல 2017 கேம்பர் ஃபோர் வீல் ஒண்ணு இருக்காம், சனிக்கிழமை பாக்கப் போறேன். இன்னொருத்தர் டிஐ (டீசல்) இன்ஜின் மாத்தின மிலிட்டரி ஜீப் ரெண்டே முக்கால் லட்சம்ங்கிறார். அதையும் பாக்கவா?

ஏலக்காட்டு_டிரைவர்:
அந்த ஜீப்போட ஆர்சி புக்குல இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தா பாருங்க, இல்லன்னா டீயக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல மாட்டிக்குவீங்க. கேம்பருக்கு, பின் பட்டை (ஸ்பிரிங் பிளேட்) மாட்டுற இடத்துல சேசிஸ்ல வெல்டிங் தழும்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஓவர் லோடு அடிச்ச வண்டின்னா அங்கதான் தெரியும். மண் தரை இருந்தா லோ போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பாருங்க. ரொம்ப நாள் போடாத லீவர் விழவே விழாது. அப்படியிருந்தா விலையில குறைச்சுக் கேளுங்க.