கொரோனெல் 1914: கிராடாக் செய்தது வீரமா, வீம்பா?

நங்கூரம்: முதல் உலகப் போரில், சிலி கரைக்கு அப்பால் கொரோனெலில், கிராடாக்கின் பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் கப்பல்களிடம் தோற்றன. அதற்கு, ‘அட்மிரல் கிராடாக் வீம்புக்காக 1600 பேரைச் சாகடித்தவர்’ என்று ஒரு மகானுபாவர் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். 1900-ல் சீனாவின் டாகு கோட்டைத் தாக்குதலில் முன்னால் நின்றவர் அவர். 1911-ல் மொராக்கோ கரையில் ‘டெல்லி’ கப்பல் தரைதட்டியபோது பயணிகளைக் காப்பாற்றப் போனவர். இதெல்லாம் கண்ணில் படாதோ?

மாலுமி77: அந்த மகானுபாவர் நான்தான். டாகு கதையை யார் கேட்டா? கனோபஸ் போர்க்கப்பலை ஏன் 300 மைல் பின்னால விட்டுட்டுப் போனார்? அதுல 12 அங்குல பீரங்கி நாலு. அவர் போன குட் ஹோப் கப்பல்ல 9.2 அங்குலம் ரெண்டே ரெண்டு!

நங்கூரம்: கனோபஸின் வேகம் 12 நாட்டுக்கு (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போகாது என்றுதான் அவருக்குத் தகவல். அதை இழுத்துக்கொண்டு ஜெர்மன் அட்மிரல் வான் ஸ்பீயைப் பிடிக்க முடியுமா?

மாலுமி77: அந்த 12 நாட்டே டுபாக்கூர். தலைமை எஞ்சினியர் மனநிலை கெட்டு, கேபினை விட்டு வெளிய வராமலே சொன்ன கணக்கு. 15-க்கு மேலயே போகும்.

நங்கூரம்: அது தெரியவந்தபோது கிராடாக் கிளம்பியாகிவிட்டது. கனோபஸின் கேப்டன் கிராண்ட் அவருக்குச் சொல்லவும் இல்லை. கனவில் வந்து சொல்லியிருக்க வேண்டுமோ?

உப்புக்காற்று: அப்போ கடற்படை அமைச்சரா இருந்த சர்ச்சிலை விட்டுட்டீங்களே! டிஃபென்ஸ் கப்பலைக் கிராடாக் கேட்டாரு, அட்மிரால்டி (கடற்படைத் தலைமை) குடுத்துச்சா?

மாலுமி77: வந்துட்டாரய்யா! 1916 ஜட்லாண்ட் கடற்போர் பத்தின திரியில அட்மிரல் பீட்டிக்கு வக்காலத்து வாங்கி மூக்குடைபட்டவர்தானே நீங்க?

உப்புக்காற்று: யாருக்கு மூக்கு உடைஞ்சதுன்னு அங்க போய்ப் படிங்க.

மாலுமி77: படிச்சுட்டுத்தான் பேசறேன். கொரோனெலுக்கு வருவோம்: நவம்பர் 1, சாயங்காலம் 7 மணி. சூரியன் மேற்கே இறங்கியாச்சு. செவ்வானத்துல பிரிட்டிஷ் கப்பல்கள் கறுப்பா அப்பட்டமாத் தெரியுது. கிழக்கே ஸ்பீ இருட்டுல. கிராடாக்கோட இன்னொரு கப்பல் மான்மத்தோட கீழ்த்தட்டு பீரங்கி மேல அலை அடிக்குது, குறி பார்க்கவே வழியில்ல. குட் ஹோப், மான்மத் ரெண்டுலயும் ஒருத்தர்கூடப் பிழைக்கல. ஆகஸ்ட்ல ஜெர்மன் கப்பல் கோபெனைத் தாக்காம விட்டுட்டார்னு பிரிட்டிஷ் அட்மிரல் ட்ரவ்பிரிட்ஜ் விசாரணையில நின்னாரே, அந்தப் பேர் தனக்கும் வந்துடும்னு இவருக்குப் பயம். வீம்பு இல்லாம வேற என்ன? கனோபஸ் 15 நாட்!

நங்கூரம்: 12 என்றுதான் அவரிடம் சொன்னார்கள். எத்தனை தடவை சொல்வது?

மாலுமி77: 15. டிசம்பர் 8-ல ஃபாக்லாந்து தீவுச் சண்டையில முதல் குண்டு போட்டதும் அதே கனோபஸ்தான்.

நங்கூரம்: அங்கே போர்ட் ஸ்டான்லி துறைமுகச் சேற்றில் தரைதட்டி உட்கார்ந்துகொண்டு போட்டது. அதற்கு எத்தனை நாட் வேண்டும் சார்?

மாலுமி77: நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. 15-ங்கறதுக்கு இன்னும் பதில் வரல.

உப்புக்காற்று: ஜட்லாண்ட் திரியில நான் கேட்டதுக்கும்தான்.