கட்டாந்தரையில் கோல்ஃப்

நம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை

நான், மாலை 6:10
இன்றைக்குப் பொது மைதானத்தில் 18 ஹோலும் (குழியும்) ஆடி முடித்தேன். மொத்தம் 109 ஸ்ட்ரோக், அதாவது பந்தை அடித்தது 109 தடவை. இரண்டு மாதமாகப் பயிற்சித் திடலில் பழகியதெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

நான், 6:11
ஃபேர்வே என்கிற புல்வழியில் பாதி இடத்தில் புல்லே இல்லை. குழி இருக்கிற கிரீனில் பந்து தத்தித் தத்திப் போகிறது. பங்க்கர் என்கிற மணல் பள்ளத்தில் மணலை விடக் கல்தான் அதிகம்.

அத்தை, 6:14
கை எப்படி இருக்கிறது? போனில் வலிக்கிறது என்றாயே.

நான், 6:15
மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது அத்தை. பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டையான வெட்ஜைக் கட்டாந்தரையில் ஓங்கி இறக்கிவிட்டேன்.

அத்தை, 6:15
முதலில் ஐஸ் ஒற்றடம் கொடு. ஸ்கோர் எல்லாம் அப்புறம்.

மாமா, 6:31
அந்த இடத்தைப் படம் எடுத்தாயா?

நான், 6:33
(படம்)
7-வது ஹோல், கிரீனுக்கு 30 கஜம்.

மாமா, 6:37
பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசல் விட்ட மண். பந்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு புல்கூட இல்லை. இங்கே எந்தக் கிளப் (மட்டை) எடுத்தாய்?

நான், 6:38
56 டிகிரி சாண்ட் வெட்ஜ். கிளப்பின் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்துத் திறந்து, உயரமாகத் தூக்கிக் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் இறக்கலாம் என்று நினைத்தேன். பந்து கணுக்கால் உயரத்தில் பறந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது.

மாமா, 6:38
அதன் பவுன்ஸ் எவ்வளவு? கிளப்பிலேயே பொறித்திருக்கலாம், பார்.

நான், 6:41
14.

மாமா, 6:52
அதுதான் விஷயம். பவுன்ஸ் என்பது கிளப்பின் அடிப்பாகம் முன் விளிம்பை விட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம். மணலிலும் அடர்ந்த புல்லிலும் அது கிளப்பைப் புதைய விடாமல் காப்பாற்றும். கட்டாந்தரையில் புதைய இடமே இல்லை. அடிப்பாகம் மண்ணில் பட்டு எம்பும், முன் விளிம்பு பந்தின் வயிற்றில் போய் இடிக்கும். முகத்தைத் திறந்தால் பவுன்ஸ் இன்னும் கூடும். நீ அங்கே செய்தது இரண்டும் தரைக்கு எதிரானவை.

இந்த மாதிரி இடத்தில் பிட்சிங் வெட்ஜ் அல்லது 8 அயர்ன் எடு. பந்து பின்கால் பக்கம் இருக்கட்டும். உடல் எடை முன்காலில், கைகள் பந்துக்குச் சற்று முன்னால். மணிக்கட்டை மடக்காமல் சின்ன வீச்சு. பந்துதான் முதலில் படவேண்டும், மண் அப்புறம். பந்து தாழ்வாகக் கிளம்பி, கிரீனுக்கு முன்னாலேயே விழுந்து, உருண்டு போகட்டும். நின்றவுடன் நீ கொடியைப் பார்த்திருக்கிறாய். முதலில் தரையைப் பார்த்திருந்தால் சாண்ட் வெட்ஜைக் கையிலேயே எடுத்திருக்க மாட்டாய்.

நான், 6:55
திடலில் அதே ஷாட் நன்றாக வந்ததே மாமா?

மாமா, 6:59
திடலில் பாய் மேல்தானே அடிக்கிறாய்? பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். தப்பு நடந்ததே உனக்குத் தெரியாது. கட்டாந்தரை அந்த ஓர் அங்குலத்தை மன்னிக்காது.

அக்கா, 7:05
மாமா, நானாக இருந்தால் அங்கே பந்தைத் தரையோடு உருட்டும் பட்டரை எடுத்திருப்பேன். படத்தில் கிரீன் வரைக்கும் தரை மட்டமாகத்தான் இருக்கிறது. மோசமான பட்கூடக் கிரீனில் எங்கேயாவது நிற்கும். மோசமான சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சின்னதாகத் தூக்கி அடிப்பது) எங்கே போகும் என்று இவனே சொல்லிவிட்டான்.

மாமா, 7:07
சரிதான். நடுவில் அடர்ந்த புல்லோ பள்ளமோ இல்லாவிட்டால் பட்டரே முதல் வழி. 8 அயர்ன் அதற்கு அடுத்தது.

தம்பி, 7:10
ஒரு சந்தேகம். பந்தைக் கொஞ்சம் நகர்த்திப் புல் மேல் வைத்துக்கொண்டு அடித்தால் என்ன?

அக்கா, 7:18
போட்டி என்றால் நம் இஷ்டத்துக்கு முடியாதுடா. மைதானம் மோசமாக இருக்கும் நாட்களில் 'பிரிஃபர்டு லைஸ்' என்று ஓர் உள்ளூர் விதியைப் போட்டிக் குழுவினர் அறிவிக்கலாம். ஃபேர்வே உயரத்துக்கு வெட்டிய இடத்தில் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, அவர்கள் சொல்லும் தூரத்துக்குள், குழிக்கு நெருங்காமல் வைக்கலாம். அறிவிக்கவில்லை என்றால் கிடக்கிற இடத்திலேயே ஆடவேண்டியதுதான். புல் இல்லாத திட்டு என்பதற்காக மட்டும் இலவசச் சலுகை கிடையாது, பிறர் வெட்டிப்போன டிவட் பள்ளத்துக்கும் கிடையாது. நண்பர்களோடு சும்மா ஆடினால் ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 7-வது ஹோலில் போய்ப் பேசினால் சண்டைதான் வரும்.

தம்பி, 7:19
அப்போது எதற்குத்தான் சலுகை?

அக்கா, 7:25
'பழுது பார்க்கும் இடம்' என்று கோடு போட்ட நிலம், விலங்குகள் தோண்டிய வளை, தேங்கிய மழைநீர். இவற்றுக்கெல்லாம் தண்டனை இல்லாமல் விலகிப் போய்ப் பந்தைப் போடலாம். அப்புறம் வெட்டிய புல்லையும் இலையையும் பிறகு அள்ளுவதற்காகக் குவித்து வைத்திருப்பார்கள் அல்லவா, அந்தக் குவியலுக்குக் கோடே வேண்டாம், அதுவும் பழுது பார்க்கும் இடக் கணக்குத்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

அத்தை, 7:27
மர வேர் பக்கத்தில் பந்து கிடந்தால்? போன வருஷம் இவர் அதில் அடித்துத்தான் முழங்கையைக் கெடுத்துக்கொண்டார்.

மாமா, 7:29
அதற்கு 'ஆட முடியாத பந்து' என்று சொல்லி ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு இரண்டு கிளப் நீளத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். நான் அன்றைக்கு அந்த ஒரு ஸ்ட்ரோக்கை விட மனமில்லாமல் அடித்தேன். மூன்று மாதம் கிளப்பையே தொட முடியவில்லை. வேர் தெரிந்தால் யோசிக்கவே யோசிக்காதே.

நான், 7:34
சரி மாமா. கிரீனுக்கு வருவோம். இன்றைக்கு மொத்தம் 41 பட். அதுதான் ரொம்ப வருத்தம்.

மாமா, 7:35
தவறியவை குழியைத் தாண்டிப் போயினவா, முன்னாலேயே நின்றனவா?

நான், 7:36
பெரும்பாலும் முன்னாலேயே. கடைசி ஒரு சாணில் இடமோ வலமோ திரும்பி நின்றுவிட்டது.

மாமா, 7:50
கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. 1935-ல் எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் யோசித்தது. 36 அங்குல நீளச் சட்டம், அதிலிருந்து பந்தை உருட்டிவிட்டு எத்தனை அடி போகிறது என்று பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளில் 11, 12 அடி போகும். நீ சொல்வதைப் பார்த்தால் அங்கே 7 அடி தாண்டாது போலிருக்கிறது. டிவியில் பார்க்கிற வளைவை அங்கே எதிர்பார்த்துக் குறி வைத்தால் பந்து மேல்பக்கமாகவே நிற்கும். மெதுவான கிரீனில் அழுத்தி அடிப்பதால் பந்து குறைவாகத்தான் வளையும். நீ பார்க்கிற வளைவில் பாதியை மறந்துவிடு.

அந்தக் கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. நாசாவில் ஆராய்ச்சியாளராக இருந்து கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் குழியைச் சுற்றி நடக்கிறார்கள், குழியின் விளிம்பை ஒட்டி மட்டும் யாரும் மிதிப்பதில்லை. சுற்றிலும் தரை மிதிபட்டு அமுங்க, குழியை ஒட்டிய வளையம் சற்று மேடாக நிற்கிறது. மெதுவாக வரும் பந்து அந்த மேட்டில் ஏற முடியாமல் விலகிவிடும். அதனால் குழியில் விழாமல் போனால் ஏறக்குறைய 17 அங்குலம் தாண்டிப் போகிற வேகத்தில் அடிக்கச் சொல்கிறார். மேடு பள்ளமான கிரீனில் நான் இதை விடுவதே இல்லை.

அக்கா, 7:54
2019-க்கு அப்புறம் ஸ்பைக் (ஷூ ஆணி) தடம், காலடித் தடம் எல்லாவற்றையும் பட் அடிப்பதற்கு முன்னால் சரிசெய்துகொள்ளலாம். காற்றோட்டத்துக்காகப் போட்ட துளைகளைத் தொடக்கூடாது. நீ சரிசெய்தாயா?

நான், 7:55
இல்லை அக்கா. கூடாது என்று நினைத்தேன்.

மாமா, 8:01
கிரீனில் பந்து வந்து விழுந்து உண்டான பள்ளங்களையும் சரிசெய்துவிட்டு வா. உன்னுடையது ஒன்று, பக்கத்தில் இருக்கும் வேறொன்று. அதற்கென்று இருக்கும் சின்ன முள்கரண்டியை ஓரத்தில் குத்தி நடுவை நோக்கித் தள்ளவேண்டும். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். ஆள் பற்றாத மைதானத்தில் கிரீனைப் பார்த்துக்கொள்வது ஆடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. எனக்கு அந்த மைதானங்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. நான் ஆடக் கற்றுக்கொண்டது அங்கேதான். கோல்ஃபே கடலோர மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த ஆட்டம்தானே. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் இன்றைக்கும் பொது மைதானம்.

தம்பி, 8:04
பங்க்கரில் கல் இருந்தால் எடுக்கலாமா?

அக்கா, 8:09
எடுக்கலாம், அதுவும் 2019-லிருந்துதான். பந்து மட்டும் அசையக்கூடாது. மணலைக் கையாலோ கிளப்பாலோ தொட்டுச் சோதிக்கக் கூடாது, ஆனால் நிற்பதற்குக் கால் ஊன்றும்போதே எவ்வளவு மணல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கால் இறங்கவே இல்லை என்றால் முகத்தைத் திறக்காதே, சாண்ட் வெட்ஜும் வேண்டாம். அந்த 30 கஜச் சிப் மாதிரியே பந்தை முதலில் அடி. முன்பக்கம் விளிம்பு இல்லாவிட்டால் பட்டரே போதும்.

மாமா, 8:12
டீயைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு குறிகளுக்கும் நடுவில் மிதிபட்ட இடத்திலேயே நிற்கவேண்டியதில்லை. பின்பக்கம் இரண்டு கிளப் நீளம் வரைக்கும் உன் இடம். மட்டமான தரையைத் தேடிக்கொள். அங்கே மேடு இருந்தால் மிதித்துச் சமப்படுத்தவும் விதி அனுமதிக்கிறது.

நான், 8:15
இவ்வளவு இருக்கிறதா! இந்த வாரம் எதைப் பழகட்டும்?

மாமா, 8:19
கை வலி போகட்டும் முதலில். அப்புறம் பாயை விட்டு இறங்கி மண்ணில் நில். குச்சியால் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் வீசு. கீறல் கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கம் விழவேண்டும். பத்துக்கு எட்டு அப்படி விழுந்தால் கோட்டின் மேல் பந்தை வை. வேறு ஒன்றும் வேண்டாம்.

அத்தை, 8:20
மெதுவாக வீசு.

அடுத்த சனிக்கிழமை

நான், மாலை 5:48
(படம்)
மறுபடியும் 7-வது ஹோல், ஏறக்குறைய அதே இடம். இந்தப் பக்கம் நடுவில் புல் அடர்ந்து இருந்ததால் பட்டர் வேண்டாம் என்று 8 அயர்ன் எடுத்தேன். பந்து நாலு அடியில் நின்றது.

அக்கா, 5:49
அருமை!

மாமா, 5:53
மண்ணில் கீறல் எங்கே விழுந்தது?

நான், 5:54
பந்து இருந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால். அதைத்தான் முதலில் குனிந்து பார்த்தேன் மாமா, பந்தை அப்புறம்தான் பார்த்தேன்.

அத்தை, 5:55
கை?

நான், 5:55
வலி இல்லை அத்தை.

தம்பி, 5:57
அந்த நாலு அடி பட் விழுந்ததா?

நான், 5:58
விழுந்தது. குழிக்கு முன்னால் ஒரு குதிகால் தடம் இருந்தது, அமுக்கிச் சரிசெய்துவிட்டு அடித்தேன்.