புதுப்பிப்பு: குள்ளர்களும் அவர்களின் ஔலேயும்

எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகில் வரும் குள்ளர்கள் இறந்தால் கல்லாகிவிடுவார்கள் என்று முந்தைய இழையில் எழுதியது தவறு. 1977இல் வெளியான அந்த உலகின் தொன்மக் கதைத் தொகுப்பு 'சில்மரிலியன்' அதை எல்ஃபுகள் என்ற வேறோர் இனத்தின் நம்பிக்கையாகத்தான் சொல்கிறது. குள்ளர்கள் நம்புவது வேறு: மகால் என்று அவர்கள் அழைக்கும், அவர்களை வடித்த தேவனான ஔலே, இறந்தோர் சேரும் இடமான மாண்டோசில் தனி மண்டபங்களில் தங்களைச் சேர்ப்பார். கடைசிப் போருக்குப் பின் உலகைத் திரும்பக் கட்டும்போது அவருக்குத் துணைநிற்பார்கள்.

"ஔலே செய்த பொம்மைகளுக்கு உயிர் எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு விடை சம்மட்டிக் காட்சியில் இருக்கிறது. குள்ளர் குலங்களின் மூதாதையரான ஏழு தந்தையரை ரகசியமாக வடித்தவர், எல்லாவற்றையும் படைத்த முதற்கடவுளான இலூவதார் கண்டித்ததும் அழுதபடியே அவர்களை நொறுக்கச் சம்மட்டியை ஓங்குகிறார். ஏழு பேரும் ஒடுங்கி, தலைகுனிந்து இரக்கம் கேட்கிறார்கள். ஔலே நினைத்தால் மட்டுமே அசையும் உருவம் அடிக்குப் பயப்படாது. இலூவதார் ஏற்கெனவே உயிர் கொடுத்துவிட்டார் என்பதற்கு அந்தப் பயமே சாட்சி.

ஆக, வடித்தவர் வேறு, உயிர் தந்தவர் வேறு. தீய படைகளில் வரும் ஓர்க்குகள் என்ற இனத்தின் தோற்றத்தைப் பற்றி ஊகிக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். தீமையின் தலைவனான மெல்கோரால் உயிரைப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும்.

ஏழு தந்தையரில் ஒருவரான துரின் தன் வம்சத்தில் அதே பெயரில் மறுபடி பிறப்பார் என்ற குள்ளர்களின் நம்பிக்கை தனிக்கதை. அந்த உலகின் மூன்றாம் யுகம் 1980இல் பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் கொன்றது ஆறாம் துரினை. ஏழாமவரே கடைசி. மண்டபத்தில் காத்திருக்க வேண்டியவர் நடுவில் எப்படித் திரும்புகிறார்? தந்தையர் எழுவருக்கு மட்டும் ஔலே கேட்டு வாங்கிய சலுகை என்பது என் ஊகம்.